பின்முற்றத்துக்கு ஒரு மடக்கு நிழற்கூரை

வீடும் நாமும்



நமது வீடுகளில் முன் மண்டபம் விருந்தினருக்குரியது. பின் விறாந்தையும் அதையொட்டிய முற்றமும்தான் நமக்குரியவை. மீன் வெட்டுவதும், அரிசி புடைப்பதும், சின்னப் பிள்ளைக்கு ஊட்டுவதும், அஸருக்குப் பிறகு மாமியோடும் மதினியோடும் சற்று உட்கார்ந்து பேசுவதும் அங்கேதான். ஆனால் சீமெந்து போட்ட முற்றத்தில் பகல் பதினொரு மணிக்குக் கால் வைக்க முடிவதில்லை. வீடுகள் நெருங்கி, அயல் வீடுகள் மேல்மாடி எழுப்பிய ஊர்களில் வெயிலோடு மற்றொரு சங்கடமும் உண்டு. மேலேயிருந்து பார்த்தால் முற்றம் முழுவதும் தெரிகிறது. தலைச் சீலையைச் சரி செய்தபடியேதான் வேலை பார்க்க வேண்டியிருக்கிறது.

முன்பு கிடுகுப் பந்தல் போட்டோம். பிறகு படங்கு கட்டினோம். பலர் கூரைத் தகடு அடித்து நிரந்தரமாகவே மூடி விட்டனர். இப்போது சுவரிலிருந்து நீண்டு விரிந்து, வேண்டாத வேளையில் சுருண்டு கொள்ளும் துணிக் கூரையைப் பலரும் விசாரிக்கின்றனர். கடைக்காரர் இதனை 'ஓனிங்' என்பார். மோட்டார் பூட்டியது என்றால் ஒரு பொத்தானை அழுத்தியதும் விரியும். மறு பொத்தானை அழுத்தியதும் சுருளும்.

இது மலிவான பொருளல்ல. வெளிநாட்டில் உழைக்கும் கணவரோ மகனோ அனுப்பும் காசில், அல்லது சீட்டுக் காசில் வாங்கப்படுவது. வாங்கும் பேச்சுவார்த்தை பெரும்பாலும் ஆண்களோடு முடிந்து விடுகிறது. ஆனால் பகல் இரண்டு மணிக்கு வானம் கறுத்து, திடீரெனக் காற்றடிக்கும்போது வீட்டில் இருக்கப் போவது யார்? நீங்களும் பிள்ளைகளும்தான். ஆகவே இதனை இயக்கப் போகிறவர் இதன் தெரிவிலும் பேச வேண்டும். அதற்கு வேண்டிய விடயங்களை இம்மாதம் பார்ப்போம்.

அது எப்படி இயங்குகிறது?

சுவரோடு ஒரு நீண்ட குழாய் கிடையாகப் பொருத்தப்பட்டிருக்கும். துணி அதில் சுற்றியிருக்கும். துணியின் மறு முனை ஓர் அலுமினியச் சட்டத்தில் இணைந்திருக்கும். குழாய்க்கும் முன் சட்டத்துக்கும் இடையில், நமது முழங்கையைப் போல் மடங்கும் இரண்டு கைகள் உண்டு. அக்கைகளுக்குள் பலமான சுருள்வில் இருக்கிறது. அது எந்நேரமும் முன் சட்டத்தை வெளியே தள்ளிக் கொண்டிருக்கும். மோட்டார் இருப்பது குழாயின் உள்ளேதான். அது துணியை விட்டுக் கொடுத்தால் கைகள் நீளும். துணியைச் சுற்றி இழுத்தால் கைகள் மடங்கும்.

இதிலிருந்து ஒன்றை மனதில் வையுங்கள். முன்பக்கத்தில் தூண் எதுவும் கிடையாது. முழுப் பாரத்தையும் தாங்குவது சுவரில் இருக்கும் சில போல்ட்களே. நல்லது கெட்டது எல்லாம் இந்த ஒன்றைச் சுற்றியே வரும்.

சுருண்ட துணியையும் கைகளையும் முழுமையாக மூடிக் கொள்ளும் பெட்டியோடு வருபவை உண்டு. பாதி மூடுபவை உண்டு. மூடியே இல்லாதவையும் உண்டு. காகமும் தூசியும் மழையும் நிறைந்த நமது நாட்டுக்கு முழுப் பெட்டியே ஏற்றது. நல்ல அகலமான தாழ்வாரத்தின் கீழ் பொருத்துவதானால் மூடி இல்லாததும் போதும், செலவும் குறையும்.

உங்களுக்கு இது தேவையா?

இது நிழற்கூரை. மழைக் கூரை அல்ல. இலேசான தூறலைத் தாங்கும். நமது அடை மழைக்கு இது உரியதல்ல. மழை நாளிலும் முற்றத்தில் சமைக்க வேண்டும், துணி காய வேண்டும் என்றால் உங்களுக்குத் தேவை நிரந்தரக் கூரைதான். அந்தக் காசை அதற்கே செலவிடுங்கள்.

மாறாக, வெயிலும் வேண்டும் நிழலும் வேண்டும் என்பவர்களுக்கு இது மிகப் பொருத்தம். காலையில் மிளகாயும் அரிசியும் காயப் போட வேண்டும். ளுஹருக்குப் பிறகு அதே இடத்தில் பிள்ளைகள் நிழலில் விளையாட வேண்டும். தகடு அடித்த முற்றத்தில் இது நடக்காது. அங்கே வெளிச்சமும் போய், வெயிலில் காய்ந்த தகட்டின் சூடும் கீழே இறங்கும். மடக்கு நிழற்கூரை சுவரையும் ஜன்னலையும் வெயிலிலிருந்து காப்பதால் அதற்கு உட்புறமுள்ள அறையும் தணிந்திருக்கும்.

முதலில் வெயிலைப் பாருங்கள்

கடைக்குப் போகுமுன் ஒரு நாள் முற்றத்தில் நின்று, பத்து மணி, பன்னிரண்டு, இரண்டு, மூன்று, நான்கு ஆகிய நேரங்களில் வெயில் எங்கே விழுகிறது என்று சுண்ணக்கட்டியால் தரையில் கோடு போடுங்கள். செலவில்லாத வேலை இது. ஆனால் உங்கள் காசைக் காக்கும்.

இலங்கையில் ஏப்ரல் முற்பகுதியிலும், மீண்டும் ஆகஸ்ட் இறுதி, செப்டெம்பர் முற்பகுதியிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். ஜூனில் அது வடக்கே சற்றுச் சாயும். டிசம்பரில் தெற்கே நன்றாகச் சாயும். உச்சி வெயிலுக்கு இந்தக் கூரை அருமையானது. பின்முற்றம் மேற்கே பார்த்திருந்தால்தான் கவனம் தேவை.

ஒரு கணக்கைப் பாருங்கள். கூரை சுவரிலிருந்து 3 மீற்றர் (சுமார் 10 அடி) நீள்கிறது. அதன் முன் விளிம்பு தரையிலிருந்து 2.2 மீற்றர் உயரத்தில் இருக்கிறது என்று வைப்போம். மார்ச், செப்டெம்பர் மாதங்களில் பகல் இரண்டு மணிக்கு மேற்கு வெயில் விளிம்பின் கீழாக ஏறத்தாழ 1.3 மீற்றர் உள்ளே வரும். மீதி 1.7 மீற்றர் நிழல். மூன்று மணிக்கு 2.2 மீற்றர் உள்ளே வரும். சுவரோரமாக இரண்டு முழத்துக்குச் சற்றுக் குறைவான நிழலே மிஞ்சும். நான்கு மணிக்கு வெயில் முழுத் தரையையும் கடந்து சுவரில் ஏறி விடும். அஸருக்குப் பிறகு உட்காரத்தான் இதை வாங்குகிறோம் என்று நினைத்த சகோதரிக்கு எவ்வளவு ஏமாற்றம்!

மேற்கு முற்றக்காரர் முன் விளிம்பிலிருந்து கீழே இறங்கும் திரை உள்ள வகையைக் கேட்க வேண்டும். அல்லது முற்றத்தின் ஓரத்தில் ஒரு மூங்கில் தட்டியோ, கொடிப் பந்தலோ, ஒரு மரமோ சேர்த்துத் திட்டமிட வேண்டும். கூரையை இன்னும் நீளமாக வாங்குவதால் இந்தக் குறை தீராது.

அளவும் உயரமும்

முன்னே நீளும் அளவை விட அகலம் அதிகமாக இருக்க வேண்டும். ஏனெனில் இரண்டு கைகளும் மடங்கும்போது சுவரோடு ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகப் படுக்க இடம் தேவை. எட்டு அடி அகல முற்றத்துக்குப் பத்து அடி நீளும் சாதாரணக் கூரை பொருந்தாது.

அடுத்தது சாய்வு. மழைநீர் தேங்காமல் வழிய 14 பாகைச் சாய்வாவது வேண்டும் என்பது பொதுவான விதி. எளிதாகச் சொன்னால், ஒவ்வொரு மீற்றர் நீட்சிக்கும் 25 சென்ரிமீற்றர் இறக்கம். 3 மீற்றர் நீண்டால் 75 சென்ரிமீற்றர் கீழிறங்கும். முன் விளிம்பில் தலை இடிக்காமல் 2.2 மீற்றர் வேண்டுமென்றால், சுவரில் பொருத்தும் இடம் ஏறக்குறைய 2.95 மீற்றர் உயரத்தில் அமைய வேண்டும். நமது பல வீடுகளில் பின்பக்கத் தாழ்வாரம் ஒன்பது அடியில் முடிந்து விடும். அங்கே நீட்சியை 2 மீற்றராகக் குறைத்துக் கொள்வதே அறிவு. சாய்வைக் குறைத்து நீட்சியைக் காப்பாற்றித் தருவதாக யாரும் சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

காரணம் இதுதான். ஒரு சதுர மீற்றர் துணியில் ஒரு சென்ரிமீற்றர் உயரத்துக்கு நீர் நின்றால் அது 10 லீற்றர். நிறை 10 கிலோ. நீர் தேங்கினால் துணி தொய்யும். தொய்ந்த இடத்தில் இன்னும் நீர் சேரும். இரண்டு சதுர மீற்றரில் ஐந்து சென்ரிமீற்றர் தேங்கினாலே 100 கிலோ. இது தூணில்லாத இரண்டு கைகளில் தொங்குகிறது.

சுவர் தாங்குமா?

இங்கே சற்று நிதானமாக வாசியுங்கள். தண்ணீர் வாளியை உடம்போடு ஒட்டித் தூக்குவது எளிது. அதே வாளியைக் கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். தோள் கழன்று விடும் போலிருக்கும். நீட்டிய கூரை சுவரைப் பிடித்து இழுப்பதும் அப்படியே.

4 மீற்றர் அகலமும் 3 மீற்றர் நீட்சியும் உள்ள கூரையின் பரப்பு 12 சதுர மீற்றர். மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்தில் காற்று நேரே தள்ளினால், அதன் மீது ஏறத்தாழ 70 கிலோ பாரம் ஏறியது போலாகும். வேகம் இரு மடங்காகி 72 ஆனால் பாரம் இரு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. அதாவது 280 கிலோவுக்கு மேல். சுவரில் இருக்கும் தாங்கியின் மேல், கீழ்ப் போல்ட்களுக்கு இடையே ஒரு சாண் இடைவெளி கூட இருப்பதில்லை. கூரையின் நடுப்பகுதியோ சுவரிலிருந்து ஒன்றரை மீற்றர் தூரத்தில் உள்ளது. எனவே மேல் போல்ட்களை வெளியே பிடுங்கும் விசை அந்தப் பாரத்தைப் போல் பத்து மடங்கு வரை போகும்.

ஆகவே சுவர் எதனாலானது என்பதே முதற் கேள்வி. கொங்கிரீட் பீம் அல்லது லிண்டல் இருந்தால் மிக நல்லது. திடமான செங்கல் சுவர் தாங்கும். ஆனால் போல்ட் சாந்தில் அல்லாமல் கல்லில் இறங்க வேண்டும். உள்ளே வெற்றிடமுள்ள சீமெந்துக் கல்லும், மேல் மாகாணத்தில் பல பழைய வீடுகளிலுள்ள கபொக் கல்லும் இந்த இழுவைக்கு நம்பத்தக்கவை அல்ல. அவற்றில் சுவரை ஊடுருவிச் செல்லும் நீண்ட போல்ட் போட்டு, உட்புறத்தில் இரும்புத் தகடு வைத்து இறுக்க வேண்டும். அல்லது அதற்கென்றே உரிய இரசாயனப் பசை வகைப் பிடிப்பைப் பயன்படுத்த வேண்டும். படம் மாட்டும் பிளாஸ்டிக் ரோல் பிளக்கை இதற்குப் போட எடுப்பவரை அன்றே அனுப்பி விடுங்கள். பீலிப் பலகையிலும் கூரைச் சலாகைகளிலும் பொருத்துவதும் ஆகாது.

வீடு கட்டிய மேசன் பாஸ் ஊரில் இருந்தால் அவரை ஒரு முறை அழைத்து, எந்த இடத்தில் பீம் ஓடுகிறது என்று கேளுங்கள். பூச்சுக்கு மேலே பார்த்து யாரும் சொல்ல முடியாததை அவர் சொல்வார்.

காற்றை அறிந்து வாங்குங்கள்

ஐரோப்பாவில் இத்தகைய கூரைகளுக்கு ஈ.என். 13561 என்ற தரம் உண்டு. அதில் காற்றைத் தாங்கும் திறன் வகுப்பாகப் பிரிக்கப்பட்டுள்ளது. முதலாம் வகுப்பு மணிக்கு 28 கிலோமீற்றர் வரை. இரண்டாம் வகுப்பு 38 வரை. மூன்றாம் வகுப்பு 49 வரை. நீங்கள் வாங்கும் கூரை அந்த அளவில் எந்த வகுப்பு என்று எழுத்தில் கேளுங்கள்.

வேகத்தை அளக்க நம்மிடம் கருவி இல்லையே என்பீர்கள். முற்றமே கருவிதான். தூசியும் கடதாசியும் கிளம்பிச் சிறு கிளைகள் அசைந்தால் அது முதலாம் வகுப்பின் எல்லை. முருங்கை போன்ற சிறு மரங்கள் முழுதாக ஆடத் தொடங்கினால் இரண்டாவது. மாமரத்தின் பெரிய கிளைகள் ஆடி, குடை பிடிக்க முடியாமற் போனால் மூன்றாவது. அதற்கு முன்பே கூரை சுருண்டு பெட்டிக்குள் இருக்க வேண்டும்.

கிழக்குக் கரையில் கச்சான் காற்று வீசும் மாதங்களிலும், மேற்கிலும் தெற்கிலும் தென்மேற்குப் பருவத்திலும் பகல் முழுவதும் விரித்து வைக்க முடியாத நாட்கள் வரும். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழையோடு வரும் திடீர்க் காற்று இன்னும் பொல்லாதது. அது முன்னறிவித்து வருவதில்லை. 1978 நவம்பரில் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியை நினைவில் வைத்திருக்கும் மூத்தவர்களுக்குக் காற்றின் பலத்தைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

இதற்காகக் காற்று உணரி என்ற கருவி உண்டு. சிறு கிண்ணங்கள் சுழலும் ஒரு வகை. முன் சட்டத்தின் அதிர்வை அறியும் மற்றொரு வகை. காற்று அளவு மீறினால் தானாகவே கூரையைச் சுருட்டும். கட்டாயம் வாங்குங்கள். ஆனால் அதனை நம்பி வெளியூர் போகாதீர்கள். கூரை சுருள ஏறத்தாழ ஒரு நிமிடம் ஆகும். திடீர்க் காற்று அவ்வளவு நேரம் தருவதில்லை. வீட்டைப் பூட்டும்போதும், இரவு படுக்கும்போதும் சுருட்டி விடுவதே பழக்கமாகட்டும்.

மோட்டாரும் மின்சாரமும்

நமது வீட்டு மின்சாரம் 230 வோல்ட். இந்த மோட்டார்களில் பெரும்பாலானவை அதிலேயே இயங்குகின்றன. ஒரு தடவைக்கு ஒரு நிமிட அளவே ஓடுவதால் மின் கட்டணத்தில் இது ஒரு பொருட்டே அல்ல.

முக்கியமானது வேறு. மின்சாரம் இல்லாத வேளையில் கூரையை எப்படிச் சுருட்டுவது? 2022இல் ஒரு நாளில் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை மறந்து விட மாட்டோம். மின்சாரம் இல்லையென்றால் மோட்டாரும் இயங்காது; காற்று உணரி அறிந்தும் பயனில்லை. எனவே கையால் சுழற்றும் நீண்ட பிடியோடு இயங்கக் கூடிய மோட்டாரையே வாங்குங்கள். எல்லா மோட்டார்களிலும் இந்த வசதி இல்லை. பின்னர் சேர்க்கவும் முடியாது. கடைக்காரர் "அது தேவைப்படாது" என்று சொன்னால், "பகலில் வீட்டில் இருப்பது நான்தான்" என்று சொல்லுங்கள்.

வயரிங் வேலையைத் தகுதியுள்ள மின்னியலாளரிடமே கொடுங்கள். இணைப்பு ட்ரிப் சுவிச் ஊடாகச் செல்ல வேண்டும். எர்த் வயர் இருக்க வேண்டும். வெளியே வைக்கும் சுவிச்சும் பிளக்கும் மழைக்கு மூடியுள்ளவையாக இருக்க வேண்டும். கேபிள் மோட்டாருக்குள் நுழையுமுன் ஒரு வளைவாகக் கீழே தொங்கி மேலேற வேண்டும். அப்போதுதான் மழைநீர் வயரோடு ஓடி உள்ளே புகாமல் வளைவில் சொட்டும். இடி முழங்குமுன் கூரையைச் சுருட்டி, மின் இணைப்பை நிறுத்தி விடும்படி ஒரு தனிச் சுவிச்சையும் உட்புறத்தில், உங்கள் கைக்கு எட்டும் உயரத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

பிள்ளைகள் ரிமோட்டை வைத்து விரித்தும் சுருட்டியும் விளையாடினால் நாலைந்து நிமிடத்தில் மோட்டார் சூடாகித் தானே நின்று விடும். பழுதென்று பதறாதீர்கள். அது தன்னைக் காத்துக் கொள்ளும் ஏற்பாடு. கால் மணி, அரை மணி நேரம் ஆறவிட்டால் மீண்டும் இயங்கும். ரிமோட்டை மட்டும் உயரத்தில் வையுங்கள்.

துணி

நல்ல கூரைகளில் அக்ரிலிக் துணி போடுவார்கள். பொலியெஸ்டரும், பிளாஸ்டிக் பூசிய துணியும் உண்டு. நிறம் எப்படி ஏற்றப்பட்டது என்று கேளுங்கள். பீட்ரூட்டை எங்கே வெட்டினாலும் சிவப்பு. சிவப்பு அப்பிளை வெட்டினால் உள்ளே வெள்ளை. நூலாகும் முன்னரே நிறமேற்றிய அக்ரிலிக் பீட்ரூட் போன்றது. நமது வெயிலில் அதிக காலம் வெளுக்காமல் இருக்கும். மேலே மட்டும் சாயமிட்டது விரைவில் வெளுக்கும்.

இளநிறம் முற்றத்துக்கு வெளிச்சம் தரும், அழுக்கும் காட்டும். கடும் நிறம் கண் கூசுவதைக் குறைத்து ஆழ்ந்த நிழல் தரும். மேல்மாடிப் பார்வையே உங்கள் கவலை என்றால் சற்று அடர்ந்த நிறமே நல்லது. துண்டுத் துணியை வாங்கி வந்து, உங்கள் முற்றத்தில் வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். கடையின் மின்விளக்கில் எல்லா நிறமும் அழகுதான்.

கடலோர ஊர்களில் இருப்போர் துணியைப் போலவே இரும்பையும் விசாரிக்க வேண்டும். உப்புக் காற்று சாதாரண போல்ட்டை அரித்து விடும். 316 தரத் துருப்பிடிக்காத உருக்குப் போல்ட்களைக் கேளுங்கள். விலை வித்தியாசம் முழுச் செலவில் சிறிது. வெளியே தெரியாமல் உள்ளே கரையும் போல்ட்டின் ஆபத்தோ பெரிது.

பொருத்தும் நாளில்

அன்று வீட்டில் பொறுப்பான ஆண் ஒருவர் இருக்கட்டும். ஆனால் வேலை முடிந்ததும் நீங்களும் வந்து பாருங்கள்.

கூரை முழுதாக விரிந்ததும் துணி இறுக்கமாக நிற்க வேண்டும். நடுவில் தொய்யக் கூடாது. முன் சட்டம் மட்டமாக இருக்க வேண்டும். சுருண்டதும் பெட்டி இடைவெளியின்றி மூட வேண்டும். இந்த இரு எல்லைகளையும் மோட்டாரில் பொருத்துநரே சரி செய்து தர வேண்டும். பிறகு மின்சாரத்தை நிறுத்தச் சொல்லி, கைப்பிடியால் நீங்களே ஒரு தடவை சுருட்டிப் பாருங்கள். அவர்கள் செய்து காட்டுவது போதாது. உங்கள் கையால் முடிகிறதா என்பதே கேள்வி. ஒரு குடம் தண்ணீரை மேலே ஊற்றச் செய்து எந்தப் பக்கம் வழிகிறது என்றும் பாருங்கள்.

அந்த நீர் அயல் வீட்டு முற்றத்தில் விழக் கூடாது. கூரையின் விளிம்பு எல்லை மதிலைத் தாண்டவும் கூடாது. ஒரு முழத் துணிக்காக அயலவரின் மனத்தாங்கலைத் தேடிக் கொள்வது நமக்குத் தகுமா? வேலை தொடங்குமுன் ஒரு வார்த்தை சொல்லி விடுங்கள்.

துணிக்கு எத்தனை வருட உத்தரவாதம், மோட்டாருக்கு எத்தனை, பொருத்தும் வேலைக்கு எத்தனை என்று தனித்தனியே எழுதி வாங்குங்கள். மூன்று இடங்களில் விலை கேட்டு, மூன்றிலும் காற்று உணரி, கைப்பிடி, போல்ட், வயரிங் ஆகியவை அடங்குகின்றனவா என்று ஒப்பிடுங்கள். குறைந்த விலை பல நேரங்களில் இந்த நான்கில் ஒன்றை விட்டு விட்ட விலையாகவே இருக்கும்.

பிறகு நாம் பேண வேண்டியவை

சுருட்டுமுன் மேலே இலை, குச்சி, பிள்ளைகளின் பந்து எதுவும் கிடக்கிறதா என்று பாருங்கள். உள்ளே சிக்கினால் துணி கிழியும். நனைந்த நிலையில் சுருட்ட நேர்ந்தால் குற்றமில்லை. ஆனால் அடுத்த வெயிலிலேயே விரித்து உலர விடுங்கள். இரண்டு மூன்று நாள் அப்படியே கிடந்தால் பூஞ்சணம் பிடித்து மணக்கும்.

உலர்ந்த தூசியை மெல்லிய தும்புத் தடியால் தட்டுங்கள். காக எச்சத்தைக் காயுமுன் இளஞ்சூட்டு நீராலும் மென்மையான சவர்க்காரத்தாலும் கழுவுங்கள். வெளுக்கும் திரவம், கடின தூரிகை, வேகமாக நீர் பீச்சும் இயந்திரம் ஆகியவை துணியின் நீர் ஒட்டாத பூச்சைப் போக்கி விடும்.

கூரையின் கீழே விறகடுப்பு வேண்டாம். விருந்துக்குப் பெரிய தேக்சா ஏற்றும் நாளில் கூரை சுருண்டிருக்கட்டும். தீப்பொறி ஒன்று போதும். கைகளில் துணிக் கொடி கட்டாதீர்கள். தொட்டிலும் ஊஞ்சலும் வேண்டவே வேண்டாம். கைகளை யாரும் கழற்ற விடாதீர்கள். உள்ளேயிருக்கும் சுருள்வில் திடீரென விடுபட்டால் எலும்பை முறிக்கும். கழற்றுவது பழக்கமுள்ளவர் செய்ய வேண்டிய வேலை.

வருடத்துக்கு ஒரு முறை, பருவக் காற்று தொடங்குமுன், போல்ட்களைச் சுற்றிச் சுவர்ப் பூச்சில் வெடிப்பு விழுந்திருக்கிறதா, துருக் கறை வழிந்திருக்கிறதா என்று ஏணி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மயிர் போன்ற வெடிப்பு தெரிந்தாலும் கூரையை விரிக்காமல் ஆளை அழையுங்கள். சுவர் இப்படித்தான் முன்கூட்டியே நமக்குச் சொல்கிறது.

சகோதரிகளே, பொத்தானை அழுத்தினால் விரியும் கூரை ஆடம்பரம் என்று சிலர் சொல்லலாம். நாளில் பாதியை முற்றத்தில் கழிக்கும் ஒருத்திக்கு நிழலும் மறைவும் ஆடம்பரமல்ல. ஆனால் அந்த நிழல் நம் பிள்ளைகளின் தலைக்கு மேல் நிற்கிறது. அதனால்தான் நிறத்தைக் கேட்குமுன் சுவரைக் கேளுங்கள்; விலையைப் பேசுமுன் காற்றைப் பேசுங்கள். கைப்பிடி எங்கே வைக்கப்படுகிறது என்பதை வீட்டிலுள்ள பெரியவர்கள் எல்லோருக்கும் காட்டி வையுங்கள்.